ஐயாயிரத்து நானூறை வகுத்தல்

பாட்டில் பச்சை. இடுப்பில் பெல்ட்.
உள்ளே வழவழவென்று சாம்பல் துணி.
ஐயாயிரத்து நானூறு பெசோ கொடுத்து
விவாகரத்துக்கென்றே வாங்கிய கோட்டு.
நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை, தங்கை மகள் கல்யாணத்தில்.
அதோடு சரி.
ஆறு வருடம் அலமாரியின் பின்வரிசையில்,
வாத்தியார் பெயர் கூப்பிட மறந்த பிள்ளைபோல.

லாட்டரிக் கடையில் உட்கார்ந்து
நாள் முழுக்க அடுத்தவர் எண்களை எழுதுகிறவள் நான்.
மே மாதம் மொன்டெவிதேயோவில் குளிர் இறங்கியதும்
தேதியையே பெயராக வைத்திருக்கும் பெரிய தெருவில்
புதுக் கோட்டுகளுக்கு விலை கேட்டுவிட்டு வந்து
வீட்டில் பென்சிலை எடுத்தேன்.
இருப்பதை இரண்டால் வகுத்தால்
ஒரு தடவைக்கு இரண்டாயிரத்து எழுநூறு.
ஒரு துணி என் தோளில் ஏறி உட்கார
டாக்ஸியைவிட அதிகம் கேட்டிருக்கிறது.

"கழித்துப் போடேன்" என்றாள் கீழ்வீட்டு ஓதிலியா.
கழித்தல் எனக்கு வராது.
அதில் கெட்டிக்காரன் வாஷிங்டன்.
(எங்கள் ஊரில் அது ஆளுக்கு வைக்கிற பெயர்தான்.)
ஒரு பெட்டி, ஒரு ரேடியோ, நாய்
என்று மீதியில்லாமல் கழித்துக்கொண்டு போனவன்.
எனக்கு வகுக்கத்தான் தெரியும்.

மறுநாள் கோட்டை மாட்டிக்கொண்டு
குப்பை கொட்டப் போனேன். ஆயிரத்து எண்ணூறு.
வெங்காயம் வாங்க. ஆயிரத்து முந்நூற்று ஐம்பது.
பல் பிடுங்க. ஆயிரத்து எண்பது.
ஹீட்டர் செத்த ஞாயிற்றுக்கிழமை
பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வீடு பெருக்கினேன்.
தொள்ளாயிரம்.
பெருக்கினாலும் குறைகிற கணக்கை
எந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்?

"எங்கே கல்யாணம், நெலிதா?" என்றான் ரொட்டிக்கடைக்காரன்.
"பூண்டுக்குப் போகிறேன்."

அலமாரிக் கதவின் உட்பக்கம்
கோட்டுக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு கட்டு.
பின்வரிசைக்குக் கை நீளும்போதெல்லாம்
வேறு சிலரும் அகப்பட்டார்கள்:
விலைச்சீட்டு கழுத்தில் தொங்கும் சட்டை,
கொக்கி ஒன்று அறுந்த குற்றத்துக்கு
நாலு வருடம் உள்ளே கிடந்த பழுப்புக் கால்சட்டை.
கொக்கி தைக்க ஆனது ஏழு நிமிடம்.
அவற்றுக்கும் கதவில் இடம் ஒதுக்கினேன்.
பெண்பிள்ளை இல்லாத வீட்டில்
உயரம் குறித்து வைத்த மாதிரி இருந்தது கதவு.

ஜூலையில், அக்கரை தெரியாத எங்கள் நதியோரம்,
காற்று ஒரு பொத்தானைப் பிடுங்கிக்கொண்டது.
பழைய ரவிக்கையிலிருந்து இன்னொன்றை எடுத்தேன்.
வீட்டில் பச்சை நூல் இல்லை.
சிவப்பில் தைத்தேன், இருக்கட்டும் என்று.
ஐம்பத்துநான்காம் கோட்டில் விலை நூறாயிற்று.
கை ஓரம் பிசிறத் தொடங்கியிருந்தது,
உள்ளே மடித்து ஒரு ஓட்டுத் தையல்.

செப்டம்பர், ஞாயிற்றுச் சந்தை.
பழைய பூட்டுகள் விற்கிறவன் பக்கத்தில்
என் பையை எதுவோ முகர்ந்தது. நாய்.
முகம் நரைத்திருந்தது, நாய்க்கும்.
"புதுக் கோட்டா?" என்றான் வாஷிங்டன்.
"உனக்கு நன்றாக இருக்கிறது."
"பழசு. நீயும் பார்த்ததுதான்."
"எங்கே?"

அன்று இரண்டு மணி நேரம்
எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கேட்கிறான்.
சொல்ல வாயெடுத்தேன்.
பையின் மூலையில் பிஸ்கட் தூள் அகப்பட்டது.
நாய்க்குக் கொடுத்தேன்.
"எங்கேயோ" என்றேன்.

இரவு கதவின் முன்னால் குழப்பம்.
எழுபத்தொன்றா, எழுபத்திரண்டா?
விரல் வைத்து மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
குப்பை, வெங்காயம், பல் எல்லாம் நினைவிருந்தது.
அதற்கும் முன்னால் கல்யாணம்.
அதற்கும் முன்னால், ஓரத்தில்,
அழுத்திப் போட்ட அந்த முதல் கோடு எதற்கு
என்று ஒரு நொடி விளங்கவில்லை.

எழுபத்திரண்டுதான். எழுபத்தைந்து பெசோ.
நாளைக்கு இதைச் சலவைக்குக் கொடுக்க வேண்டும்.
அந்தச் செலவை
எந்தப் பக்கம் எழுதுவது?